தொலைந்த துண்டில் என்ன இருந்தது?

சென்ற நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், இஷாவுக்குப் பிறகு மச்சான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நீளமான கடித உறை. "இத ஒருக்காப் பாத்துச் செல்லுங்க மச்சான், நீங்க படிச்ச ஆள்தானே" என்றார். நான் படித்தது தமிழ். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கிற நேரமாக அது தெரியவில்லை.

உறைக்குள் இருந்தது மாமியின் என்பு மச்சைப் பரிசோதனை றிப்போட். மாமிக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு வருடமாக இரத்தம் குறைந்துகொண்டே போனது. இரும்புச்சத்துக் குளிசையும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. இப்போது நான்கைந்து கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. றிப்போட்டின் கடைசி வரி சொன்னது இதுதான்: ஐந்தாம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு துண்டு இல்லை.

மச்சான் கேட்ட கேள்வி வேறு. "இது எங்கட குடும்பத்துல வார வருத்தமா?" அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி, ஏறக்குறைய சரிவந்திருந்தது. அதற்குள் யாரோ போய் மாப்பிள்ளை வீட்டில், "பெரியவக்கு ஜீன் வருத்தமாம்" என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு கிழமையாகக் கதை இல்லை.

அன்றிரவு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியரைப் பிடித்தேன். அவர் தந்ததைப் படித்தேன். படிக்கப் படிக்க, மச்சானின் கேள்விக்கு விடை கிடைத்தது மாத்திரமல்ல, அறுபது வருடமாக நடக்கிற ஒரு தேடலின் கதையும் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல் செய்த குழப்பம்

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கதைக்க வேண்டும். அது என் துறை.

ஜீன் என்பதை நமது பாடநூல்கள் 'பரம்பரையலகு' என்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் அதற்குள்ளே 'பரம்பரை' உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பரம்பரையலகில் பழுது என்றவுடன், 'உம்மா வாப்பாவிடமிருந்து வந்தது, இனிப் பிள்ளைகளுக்கும் போகும்' என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது.

உண்மை அப்படியல்ல. நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்துக்குள்ளும் (பாவனையில் 'செல்' என்கிறோம்) 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வந்தவை. அவற்றில் வரிசையாக எழுதப்பட்ட செய்திகளே பரம்பரையலகுகள். ஒரு கலம் இரண்டாகும்போது இந்த எழுத்து முழுவதும் பிரதி செய்யப்பட வேண்டும். எழுத்துகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 300 கோடி. அதுவும் ஒரு தொகுதியில் மட்டும். நம்மிடம் இருப்பது இரண்டு தொகுதி. ஒரு புத்தகத்தை அச்சிட்டவர்களுக்குத் தெரியும், எத்தனை முறை புரூப் பார்த்தாலும் ஒரு பிழை தப்பும். கலமும் அப்படித்தான். வயது ஏற ஏற இப்படித் தப்பிய பிழைகள் சேர்கின்றன.

செங்குழியங்களை மட்டும் எடுத்தால், என்பு மச்சை ஒவ்வொரு செக்கனும் இருபது இலட்சத்துக்கும் மேலாக உண்டாக்குகிறது. அவ்வளவு பெரிய வேலைத்தலத்தில், ஒரு மூலக்கலத்தில் ஒருநாள் ஒரு துண்டு அறுந்து போகிறது. அந்தக் கலம் பெருகினால், அதன் வழிவந்த எல்லாக் கலங்களிலும் அந்தத் துண்டு இருக்காது. ஆனால் அதே ஆளின் தோலில், ஈரலில், கருவை உண்டாக்கும் கலங்களில் அந்தத் துண்டு பத்திரமாக இருக்கும்.

ஆகவே இங்கும் ஒரு 'பரம்பரை' உண்டு. அது அந்த ஒரு கலத்தின் பரம்பரை, குடும்பத்தின் பரம்பரை அல்ல. இரத்தப் புற்றுநோய்களில் காணப்படும் நிறமூர்த்த இழப்புகள் மிகப் பெரும்பாலும் இப்படி வாழ்நாளில் நேர்ந்தவை. இரத்தநோய்க்கு இலகுவில் ஆளாகும் இயல்பு சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு, ஆனால் அது அரிது. சந்தேகம் இருந்தால் வைத்தியர்கள் இரத்தத்தோடு தோல் போன்ற வேறோர் இழையத்தையும் பரிசோதித்து இரண்டையும் பிரித்தறிவார்கள்.

துண்டு இல்லை என்று கண்டது எப்படி?

மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. அதற்கு முன் 48 என்று பாடநூல்களில் எழுதியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்களும் அப்படியே எழுதிப் புள்ளி வாங்கினார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1960இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர் நாட்பட்ட மைலோயிட் லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒரு நிறமூர்த்தம் மட்டும் வழமைக்கு மாறாகக் குட்டையாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட நிறமூர்த்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டிய முதல் கண்டுபிடிப்பு அது. நகரின் பெயரே அதற்கு வந்தது: பிலடெல்பியா நிறமூர்த்தம்.

துண்டு தொலைந்துவிட்டது என்றே அன்று நினைத்தார்கள். 1970ஐ ஒட்டிப் புதிய சாயமிடும் முறைகள் வந்தன. ஒவ்வொரு நிறமூர்த்தமும் தனக்கேயுரிய வரிகளோடு தெரிந்தது. சிகாகோவில் ஜேனட் ரவுளி என்ற பெண் வைத்தியர் நிறமூர்த்தப் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சோடி சேர்த்துப் பார்ப்பார். உம்மா கடதாசிப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1973இல் அவர் சொன்னார்: 22ஆம் நிறமூர்த்தத்தின் துண்டு தொலையவில்லை, 9ஆம் நிறமூர்த்தத்தில் போய் ஒட்டியிருக்கிறது. 9இன் துண்டொன்று 22க்கு வந்திருக்கிறது. அதாவது இடமாற்றம்.

எனவே குட்டையாகத் தெரிவதெல்லாம் இழப்பல்ல. ஆனால் மெய்யான இழப்புகளும் இருந்தன. துண்டு வேறெங்கும் ஒட்டவில்லை, இல்லாமலே போய்விட்டது. நிறமூர்த்தத்துக்கு இரண்டு கைகள். குட்டைக் கையைப் 'பி' என்றும் நீண்ட கையைக் 'கியூ' என்றும் குறிப்பார்கள். மாமியின் றிப்போட்டில் இருந்த 'டெல் 5கியூ' என்றால், ஐந்தாம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு பகுதி இழந்துபோயிற்று என்பதே.

இரண்டு பிரேக் கணக்கு

ஒரு துண்டு இல்லாமல் போனால் ஏன் புற்றுநோய் வர வேண்டும்? குறைந்தால் வேலை குறையும். கலம் எப்படிக் கட்டுமீறிப் பெருகும்?

இதற்கு 1971இல் வழிகாட்டியவர் அல்பிரட் நட்சன் என்ற அமெரிக்க வைத்தியர். அவர் எடுத்துக்கொண்டது சிறு பிள்ளைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோய். 48 பிள்ளைகளின் விபரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தார். சில குடும்பங்களில் அது வழிவழியாக வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மிகச் சிறுவயதிலேயே, பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வருகிறது. மற்றப் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தி, ஒரு கண்ணில் மட்டும் வருகிறது.

நட்சனின் விளக்கத்தை ஒரு சைக்கிளை வைத்துச் சொல்லலாம். சைக்கிளுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பிரேக். ஒன்று அறுந்தாலும் மற்றதைப் பிடித்து நிறுத்தலாம். இரண்டும் அறுந்தால்தான் ஆபத்து. கலத்தைப் பெருகாமல் தடுக்கும் பரம்பரையலகும் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு பிரதியாக உள்ளது. பிறக்கும்போதே ஒரு பிரேக் அறுந்த பிள்ளைக்கு இன்னொன்று அறுந்தால் போதும். மற்றவர்களுக்கு இரண்டும் ஒரே கலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அறுபட வேண்டும். 1986இல் அந்தப் பரம்பரையலகு 13ஆம் நிறமூர்த்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தகையவற்றைக் கட்டியடக்கிகள் என்கிறோம். இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் கட்டி என்று ஒன்று தெரிவதில்லை, ஆனாலும் பெயர் அதுதான்.

இதிலிருந்து தேடுவதற்கு ஒரு முறை கிடைத்தது. ஒரு நூலகத்தில் ஒரே புத்தகத்தின் நான்கு பிரதிகள் உள்ளன. ஒன்றில் 40 முதல் 90 வரை பக்கங்கள் இல்லை. இன்னொன்றில் 60 முதல் 120 வரை இல்லை. அடுத்ததில் 75 முதல் 100. கடைசியில் 70 முதல் 82. நான்கிலும் பொதுவாக இல்லாதவை 75 முதல் 82 வரையான பக்கங்கள்தான். பல நோயாளிகளின் இழப்புகளை இப்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எல்லாருக்கும் பொதுவாக இல்லாத சிறு பகுதி தெரியவரும். கட்டியடக்கி அதற்குள் இருக்க வேண்டும். இழக்காத மற்ற நிறமூர்த்தத்திலே அந்தப் பரம்பரையலகு விகாரமடைந்திருந்தால், ஆள் பிடிபட்டது.

இந்த முறை வெற்றி தந்த இடங்களும் உண்டு. 17ஆம் நிறமூர்த்தத்தின் குட்டைக் கையை இழந்த கலங்களில், மற்றப் பிரதியிலுள்ள பி53 என்ற பரம்பரையலகும் பெரும்பாலும் பழுதாகியே இருக்கிறது. நட்சன் சொன்ன அதே கணக்கு. ஆனால் மிக அதிகமாகக் காணப்பட்ட இரண்டு இழப்புகள் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

பதின்மூன்றில் தேடியது

முதியவர்களுக்கு வரும் நாட்பட்ட லிம்போசைட் லுகீமியாவில், பாதிக்கு மேற்பட்டோரிடம் 13ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு துண்டு இல்லை. விழித்திரைப் புற்றுநோயின் பரம்பரையலகும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே முதலில் எல்லாரும் அதைத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் பார்த்தால், பல நோயாளிகளிடம் அது பத்திரமாகவே இருந்தது. இழப்பு அதைத் தொடாமல் பக்கத்திலே நின்றுவிட்டது.

1990கள் முழுவதும் பல நாட்டு ஆய்வுகூடங்கள் அந்தச் சிறு பகுதியை எழுத்தெழுத்தாக வாசித்தன. சில பரம்பரையலகுகள் கிடைத்தன. ஆனால் எதிலும் எதிர்பார்த்த விகாரம் இல்லை. இத்தனை நோயாளிகளிடம் துண்டு தொலைகிறது, தொலைந்த துண்டிலோ குறிப்பிடும்படி எதுவும் இல்லை!

பிழை தேடியவர்களிடம் இல்லை, 'பரம்பரையலகு' என்றால் என்ன என்ற அவர்களுடைய எண்ணத்தில் இருந்தது. புரதம் ஒன்றை உண்டாக்கும் செய்தியைத்தான் அவர்கள் தேடினார்கள். நமது நிறமூர்த்த எழுத்தில் புரதத்துக்கான செய்தி நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மிச்சத்தை அன்று பலர் வெற்றெழுத்து என்றே ஒதுக்கினார்கள்.

1993இல் விக்டர் அம்புரோஸ், கரி ரவ்குன் ஆகியோர் மில்லிமீற்றர் அளவான ஒரு புழுவில் வினோதமான ஒன்றைக் கண்டிருந்தனர். சுமார் 22 எழுத்து மட்டுமே நீளமான ஆர்.என்.ஏ. துணுக்கு. அது புரதம் எதையும் உண்டாக்காது; வேறு பரம்பரையலகின் செய்தியைத் தடுக்கும். பாடசாலை உதாரணத்தால் சொல்வதானால்: அதிபரின் பதிவேட்டிலிருந்து ஓர் அறிவித்தல் பிரதி எடுக்கப்பட்டு வகுப்புக்குப் போகிறது. அது வகுப்புக்கு வந்து சேரும் முன், வாசலில் ஒருவர் நின்று வாங்கிக் கிழித்துவிடுகிறார். பதிவேட்டில் அறிவித்தல் அப்படியே இருக்கும், வகுப்பில் ஒன்றும் நடக்காது. வாசலில் நிற்கும் ஆள்தான் நுண்ணாரென்ஏ. 2024ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இந்தக் கண்டுபிடிப்புக்கே அந்த இருவருக்கும் கிடைத்தது.

2002இல் பிலடெல்பியாவில், கார்லோ குரோச்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ருமேனிய வைத்தியர் ஜோர்ஜ் காலின் 13ஆம் நிறமூர்த்தத்தின் அந்தப் பகுதியை இந்தப் புதிய கண்ணோடு பார்த்தார். 'ஒன்றுமில்லை' என்று விட்ட இடத்திலே இரண்டு நுண்ணாரென்ஏக்களுக்கான செய்தி பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. ஆராய்ந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் அவை இல்லை, அல்லது குறைந்திருந்தன. புற்றுநோயோடு தொடர்பானவையாக முதலில் அடையாளம் காணப்பட்ட நுண்ணாரென்ஏக்கள் இவைதான். பின்னர் எலிகளில் இந்தப் பகுதியை நீக்கிப் பார்த்தபோது, அவற்றுக்கும் இதே மாதிரியான நோய் வந்தது.

அவை எந்த அறிவித்தலைக் கிழிக்கின்றன? 2005இல் ஒரு விடை கிடைத்தது: பீ.சி.எல்.2. அது ஒரு கலத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கும் புரதம். காலம் முடிந்த வெண்குழியம் ஒழுங்காகச் செத்து ஒதுங்க வேண்டும். வாசலில் நிற்பவர் இல்லாதபோது 'சாகாதே' என்ற அறிவித்தல் ஓயாமல் வகுப்புக்குப் போகிறது. இந்த நோயில் கலங்கள் குவிவதற்கு, சாக வேண்டியவை சாகாமல் இருப்பது ஒரு பெரிய காரணம். 2016இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற வெனெட்டோகிளக்ஸ் என்ற மருந்து நேரே அந்தப் புரதத்தைத்தான் பிடித்து அடக்குகிறது.

எல்லா இழப்பும் ஒன்றல்ல

'நிறமூர்த்தத்தில் துண்டில்லை' என்றதும் முடிவு வந்துவிட்டது என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹார்ட்முட் டோனர் குழுவினர் இதே லுகீமியா கொண்ட 325 பேரின் நிறமூர்த்தங்களைப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 17ஆம் நிறமூர்த்தத்தின் குட்டைக் கையை, அதாவது பி53 இருக்கும் இடத்தை, இழந்தவர்களின் ஆயுளின் இடையம் 32 மாதம். 13இல் மட்டும் துண்டிழந்தவர்களுக்கு 133 மாதம். எந்த இழப்பும் காணப்படாதவர்களுக்கு 111 மாதம்.

திரும்ப ஒருமுறை வாசியுங்கள். 13இல் இழந்தவர்களின் நிலை, ஒன்றையும் இழக்காதவர்களின் நிலையைவிட மோசமாக இருக்கவில்லை. இவை இன்றைய மருந்துகள் வருமுன் எடுத்த கணக்குகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எந்தத் துண்டு என்பதே கேள்வி. றிப்போட்டில் 'இழப்பு' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு அழத் தொடங்குவதும் அறிவல்ல, ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவதும் அறிவல்ல. இலக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஐந்தில் தேடியது

இப்போது மாமியின் ஐந்தாம் நிறமூர்த்தத்துக்கு வருவோம்.

1974இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஹேர்மன் வான் டென் பேர்க் குழுவினர் ஒரு தனி நோயை விவரித்தனர். பெரும்பாலும் முதிய பெண்களுக்கு வரும். செங்குழியங்கள் பெரிதாகி, எண்ணிக்கையில் குறையும். குருதிச் சிறுதட்டுகள் குறையாமல் இருக்கும், சிலவேளை கூடியும் இருக்கும். எல்லாரிடமும் ஐந்தாம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு துண்டு இல்லை. இது மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்கள் என்ற வகையைச் சேர்ந்தது. என்பு மச்சை கலங்களை உண்டாக்கும், ஆனால் சரியாக முதிரவிடாது. இரத்தப் புற்றுநோய்களின் வரிசையில் இதையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அந்த வரிசையில் மெதுவாக நடப்பவற்றில் ஒன்று இது. ஒரு பகுதியினருக்குக் காலம் செல்லக் கடுமையான லுகீமியாவாக மாறுவதும் உண்டு.

இங்கேயும் நூலக முறைப்படி தேடினார்கள். 2002இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பொதுவாக இல்லாத பகுதியை 15 இலட்சம் எழுத்துகளுக்குள் சுருக்கினர். அதில் 40 பரம்பரையலகுகள். இழக்காத மற்றப் பிரதியில் விகாரம் உண்டா என்று தேடினார்கள். இல்லை. நாற்பதும் மற்றப் பிரதியில் சுகமாக இருந்தன! முன் பிரேக் அறுந்திருக்கிறது. பின் பிரேக் நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியானால் சைக்கிள் ஏன் நிற்கவில்லை?

அமெரிக்காவின் பொஸ்டனில் பெஞ்சமின் ஈபர்ட்டும் கூட்டாளிகளும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். இரண்டு பிரதியும் போக வேண்டும் என்று யார் சொன்னது? பாதி குறைந்தாலே போதுமானதாக இருந்தால்? ஆரோக்கியமானவர்களின் என்பு மச்சைக் கலங்களை எடுத்தார்கள். நாற்பது பரம்பரையலகுகளையும் ஒவ்வொன்றாக, முற்றாக நிறுத்தாமல், அடக்கிக் குறைத்துப் பார்த்தார்கள். ஒன்றைக் குறைத்தபோது அச்சொட்டாக அந்த நோய் தெரிந்தது: செங்குழியம் முதிரவில்லை, சிறுதட்டுகளை உண்டாக்கும் கலங்கள் பாதிக்கப்படவில்லை. பிறகு நோயாளிகளின் கலங்களில் அதே பரம்பரையலகைக் கூட்டிக் கொடுத்தார்கள். செங்குழியம் முதிரத் தொடங்கியது. 2008இல் வெளிவந்த இந்த முடிவில் பிடிபட்ட பரம்பரையலகின் பெயர் ஆர்.பி.எஸ்.14.

அதன் வேலை என்ன? கலத்துக்குள் புரதம் செய்யும் பட்டறைகளை இறைபோசோம் என்கிறோம். அந்தப் பட்டறையைக் கட்டும் துண்டுகளில் இதுவும் ஒன்று. பாதியாகக் குறைந்தால் பட்டறைகள் ஒழுங்காகக் கட்டுப்படாது. மற்றக் கலங்கள் ஒருவாறு சமாளிக்கும். ஆனால் செங்குழியமோ வேகமாகப் பெருகியபடியே தன்னை ஹீமோகுளோபின் என்ற ஒரே புரதத்தால் நிரப்ப வேண்டிய கலம். அதற்குத்தான் முதலில் வலிக்கும். கட்டப்படாத பட்டறையைக் கண்டு பி53 என்ற காவலாளி எழுந்து, முதிர வேண்டிய செங்குழியத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறார். மாமிக்கு இரும்புச்சத்துக் குளிசை ஏன் பலிக்கவில்லை என்பது இங்கேதான் எனக்கு விளங்கியது. அவருக்குக் குறைந்தது இரும்பு அல்ல.

குழந்தைகளுக்கு வரும் டயமண்ட்–பிளாக்பான் என்ற பிறவிக் குருதிச்சோகையிலும் இறைபோசோமின் துண்டுகளில் ஒன்றுதான் பாதியாகிறது என்று 1999இலேயே தெரிந்திருந்தது. அங்கே அந்தக் குறை பிறவியிலேயே, உடம்பின் எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. இங்கே எழுபது வயதில், என்பு மச்சையின் ஒரு கல வழியில் மட்டும். ஒன்று பரம்பரையாகப் போகக்கூடியது, மற்றது அப்படியல்ல. மச்சானின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

இழப்பே மருந்துக்கு வழிவிட்டது

இன்னொரு அதிசயம். ஆர்.பி.எஸ்.14 கண்டுபிடிக்கப்படும் முன்னரே, இந்த நோய்க்கு ஒரு மருந்து வந்துவிட்டது. 2005 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற லெனாலிடொமைட். அடுத்த வருடம் வெளியான ஆய்வில், ஐந்தாம் நிறமூர்த்தத் துண்டிழந்து இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த 148 பேரில் 99 பேருக்கு இரத்தம் ஏற்றும் தேவையே இல்லாமல் போயிற்று. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இது தாலிடொமைட் என்ற பழைய மருந்தின் வழிவந்தது. 1950களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்கு வாந்தி நிற்கவென்று கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறைந்து பிறக்கக் காரணமாகி, 1961இன் இறுதியில் சந்தையிலிருந்து எடுக்கத் தொடங்கிய மருந்து அது. அந்தக் குடும்பத்து மருந்து எதையும் கருவுற்ற பெண்கள் இன்றும் தொடக்கூடாது.

காரணம் 2015இல் தெரியவந்தது. கலத்தின் குப்பை அகற்றும் ஏற்பாட்டை இந்த மருந்து ஒரு குறிப்பிட்ட புரதத்தின் பக்கம் திருப்பி, அதை அழிக்கச் செய்கிறது. கலம் உயிர்வாழத் தேவையான அந்தப் புரதத்தின் பரம்பரையலகும் அதே தொலைந்த துண்டில்தான் இருக்கிறது. நல்ல கலத்தில் இரண்டு பிரதி. மருந்து அழித்தாலும் தாக்குப்பிடிக்க மிச்சம் இருக்கும். நோய்க் கலத்தில் ஒன்றுதான். மருந்து அதையும் குறைத்தால் கலம் சாகும். எந்த இழப்பு அந்தக் கலத்தை மற்றக் கலங்களை முந்தச் செய்ததோ, அதே இழப்பே அதன் பலவீனமும் ஆயிற்று.

யாருக்கு எந்த மருந்து என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. மாமி விடயத்திலும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். ஒரு தமிழாசிரியர் சொல்லக்கூடியது வேறு. நட்சன் போட்டது பிழையான கணக்கல்ல. ஆனால் அந்தக் கணக்குக்குள் அடங்காதவை வந்தபோது, ஒரு கூட்டம் 'பரம்பரையலகு' என்ற சொல்லின் பொருளை விரித்தது. இன்னொரு கூட்டம் 'இழப்பு' என்ற சொல்லின் பொருளை விரித்தது. அதன்பிறகுதான் தொலைந்த துண்டில் என்ன இருந்தது என்று தெரிந்தது. நாமோ ஒரு சொல்லைக் கேட்டவுடன் ஒரு பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

படித்து முடிந்ததும் மச்சான் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குப் பாதி விளங்கியது. "அப்ப இது உம்மாட இரத்தத்துல மட்டும்தான், எங்களுக்கும் இல்ல, புள்ளைகளுக்கும் இல்ல?" என்று கேட்டார். நான் நினைப்பது அதுதான், ஆனால் என் வாயால் கேட்காதீர்கள், வைத்தியரிடம் அதே கேள்வியை அப்படியே கேளுங்கள் என்றேன். அடுத்த கிளினிக்கில் கேட்டிருக்கிறார். வைத்தியரும் அதையே சொல்லியிருக்கிறார்.

பிறகு நானும் மச்சானும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் வாப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சேர், இத எங்களுக்கு முதல்லயே ஆராவது இப்படிச் சென்னாங்களா?" என்றார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நமது ஊர்களில் றிப்போட்டுகள் இங்கிலீசில் வருகின்றன, வதந்திகள் தமிழில் வருகின்றன. இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுத நினைத்தது அன்றுதான்.